அப்பா நின்ற இடத்தில் நிற்க: ஒரு லார்ஜ் ஃபார்மட் கேமரா வாங்கிய கணக்கு

செங்கோட்டையில் எங்கள் ஸ்டூடியோ பரணில் இரண்டு தகரப் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் அப்பாவின் வாகீஸ்வரி கேமரா. இன்னொன்றில் அவர் 1950களிலும் 60களிலும் எடுத்த ஃபுல் பிளேட் நெகட்டிவ்கள், ஒவ்வொன்றும் ஆறரைக்கு எட்டரை அங்குலம். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், யாரும் காசு கொடுக்காமல் தனக்காக அவர் எடுத்த ஊர்ப் படங்கள் 42 தேறின.

திருவிதாங்கூர் சங்கு முத்திரை தாங்கிய வளைவு. ஆரியங்காவு கோயில் வாசல். பண்பொழி திருமலைக் கோயில் படிக்கட்டு. தென்மலைக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் மீட்டர் கேஜ் ரயில். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அன்றைக்குப் பிறகுதான் அன்றைய சென்னை மாநிலம், இன்றைய தமிழ்நாடு. அந்த மாற்றத்தை ஒட்டிய வருடங்களில் அப்பா மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து எடுத்தவை இவை. தென்காசி கோபுரம் அவர் படத்தில் மொட்டையாக நிற்கிறது. இன்று நாம் பார்க்கும் சுமார் 180 அடிக் கோபுரம் 1990இல் திருப்பணி முடிந்து எழுந்தது.

அந்த 42 இடங்களிலும் அப்பா நின்ற அதே புள்ளியில் நின்று மறுபடி எடுக்க வேண்டும், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. 2023 வைகாசியில் சீட்டுப் பணம் 3 லட்சம் கைக்கு வந்தது. பெரிய தாள் ஃபிலிமில் எடுக்கும் லார்ஜ் ஃபார்மட் கேமராவான லின்ஹாஃப் மாஸ்டர் டெக்னிகா ஒன்றை ஜப்பானிலிருந்து பழையதாக வரவழைக்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்தேன். இந்த ஆய்வு அந்தப் பேச்சில் தொடங்குகிறது.

மனைவி கேட்ட கேள்வி

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "என்னங்க, இந்தப் பெட்டி இல்லாம எத்தனை படம் எடுக்கவே முடியாது? அதை மட்டும் எண்ணிச் சொல்லுங்க" என்றாள். நெகட்டிவின் நுணுக்கம், சாம்பல் நிறங்களின் படிகள் என்று நான் எடுத்து வைத்திருந்த எந்த வாதமும் இந்தக் கேள்விக்குப் பதிலாகவில்லை.

சரி, எண்ணிப் பார்ப்போம் என்று கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் டிஜிட்டல் கேமராவையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பாவின் நெகட்டிவ்களிலிருந்து சின்னப் பிரதிகள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு லென்ஸ் முக்கியமில்லை. முன்னால் இருக்கும் தூணும் பின்னால் இருக்கும் சுவரும் ஒன்றையொன்று எந்த இடத்தில் மறைக்கின்றன என்பதை வைத்து அடி அடியாக நகர்ந்தால் புள்ளி கிடைத்துவிடும். எந்த லென்ஸ் போட்டாலும் அந்த உறவு மாறாது. நின்ற இடம் மாறினால்தான் மாறும்.

ஒன்றரை மாதத்தில் கிடைத்த கணக்கு இது. 42இல் 6 இடங்கள் இல்லை: கட்டடம் போய்விட்டது, அல்லது நடுவில் வேறு கட்டடம் வந்துவிட்டது. மிச்சம் 36. அதில் 13 இடங்களில் கேமராவை மட்டமாக வைத்தே எடுக்க முடிந்தது. 23 இடங்களில் கேமராவின் முகத்தை மேல்நோக்கித் தூக்க வேண்டியிருந்தது. தூக்கினால் சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த 23இல் 9 படங்களைக் கம்ப்யூட்டரில் நிமிர்த்தியபோது கண்ணுக்குக் குறை தெரியவில்லை. 14 படங்கள் மட்டும் தேறவில்லை. நிமிர்த்த நிமிர்த்த மேல்பகுதி இழுபட்டுக் கூழாகிறது, இரண்டு ஓரமும் வெட்டுப்படுகிறது.

ஆக விடை 14. அப்பாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவர் பெட்டியில் லென்ஸ் மாட்டிய முன்பலகையை மட்டும் மேலே ஏற்றலாம், பெட்டி மட்டமாகவே இருக்கும்.

கோபுரத்தின் கணக்கு

14இல் மிகக் கடினமானதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தேன். அது தென்காசி கோபுரம். அப்பா நின்ற புள்ளி கோபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர். அன்றைக்குக் கோபுரம் குட்டை, அவருக்குக் கொஞ்சம் ஏற்றினாலே போதுமாக இருந்தது. இன்றைக்கு உயரம் சுமார் 54 மீட்டர். பின்னால் போகலாம் என்றால் இடம் மாறிவிடும்.

4×5 அங்குல ஃபிலிமில் 90 மி.மீ. லென்ஸ் போட்டால் 60 மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒவ்வொரு மீட்டரும் ஃபிலிமில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகும். கேமரா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் கலசம் லென்ஸின் மையக்கோட்டிலிருந்து 79 மி.மீ. தள்ளி விழும். மேலே கொஞ்சம் வானமும் வேண்டும், 84 என்று வைத்துக்கொள்ளலாம். செங்குத்தாக வைத்த ஃபிலிமில் மையத்திலிருந்து விளிம்பு வரை 60தான் இருக்கிறது. ஆகவே லென்ஸை 24 மி.மீ. ஏற்றியாக வேண்டும்.

ஏற்றினால் மட்டும் போதாது, லென்ஸ் வீசும் ஒளிவட்டம் அந்த மூலை வரை எட்ட வேண்டும். 84ஐயும் ஃபிலிமின் பாதி அகலம் 47.5ஐயும் வைத்துக் கர்ணம் போட்டால் 96.5 வருகிறது. வட்டத்தின் விட்டம் குறைந்தது 193 மி.மீ. இருக்க வேண்டும். நிக்கார் எஸ்டபிள்யூ 90 மி.மீ. எஃப் 8 லென்ஸின் வட்டம் 235 மி.மீ. தாராளம். பழைய சின்ன 90 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு இது எட்டாது, மூலைகள் இருண்டுவிடும். கேமரா பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிப் பேச்சு மிச்சமாகும்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டல் கேமராவுக்கும் இப்படி மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் கிடைக்கிறது. அந்த 14இல் பெரும்பாலானவற்றை அதுவே எடுத்துவிடும். நான் விசாரித்தபோது நல்ல பாடியும் லென்ஸும் சேர்ந்து கிட்டத்தட்ட இதே தொகைதான் வந்தது. கட்டடக்காரர்களுக்குக் கூலிக்குப் படம் எடுப்பது என் தொழிலாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

நான் ஃபிலிம் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் பரணில் இருக்கும் பெட்டிதான். அறுபது வருடச் சாரலையும் ஈரத்தையும் தாண்டி அப்பாவின் நெகட்டிவ்கள் இன்றைக்கும் பிரிண்ட் ஆகின்றன. நான் 2006இல் எடுத்த கல்யாணங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துப்போய், இரண்டு குடும்பங்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். மதுரையில் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் காகித நெகட்டிவில் எடுத்த கோயில் படங்களை இன்றும் பார்க்க முடிகிறது. இந்த 36 படங்களும் என் பேரன் காலத்தில் எந்த மிஷினும் இல்லாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.

வாகீஸ்வரி

அப்படியென்றால் அப்பாவின் கேமராவிலேயே எடுக்க வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்டார்கள். முதலில் நானும் அதைத்தான் நினைத்தேன்.

வாகீஸ்வரி ஆலப்புழையில் செய்த கேமரா. இசைக்கருவி பழுதுபார்க்கும் குடும்பத்தில் பிறந்த கருணாகரன் 1940களில் தொடங்கியது. கிழிந்த பெல்லோஸோடு, அதாவது துருத்தியோடு, வந்த ஒரு கேமராவைச் சரிசெய்யப் போய், கேமராவையே செய்யக் கற்றுக்கொண்டார் என்பது அதன் கதை. ஆர்மோனியத்துக்கும் இந்தக் கேமராவுக்கும் பொதுவான உறுப்பு துருத்தி. ஒன்றில் காற்று, மற்றதில் இருட்டு. தேக்குச் சட்டம், பித்தளைத் திருகு. எங்கள் பெட்டியில் தேக்கு ஒரு நூல்கூட வளையவில்லை. துருத்தி மட்டும் மடிப்பு மடிப்பாக விட்டிருந்தது. அதைத் தென்காசியில் ஆர்மோனியம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் புதுத் துணி போட்டு ஒட்டிக் கொடுத்தார். கூலியைவிட அதைத் தொட்டுப் பார்க்கக் கிடைத்ததில்தான் அவருக்குச் சந்தோஷம் அதிகம்.

அப்பாவிடம் டார்க் ரூமில் வேலை பார்த்த அண்ணாச்சிக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அவரை அழைத்துவந்து பெட்டியைக் காட்டினேன். பெட்டியின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழுந்த தெருவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பி, இது நல்லா இருக்கு. ஆனா தட்டுக்கு எங்க போவ?" என்றார்.

அதுதான் இடைஞ்சல். ஃபுல் பிளேட் அளவு ஃபிலிமை இல்ஃபோர்ட் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் தனி ஆர்டரில்தான் வாங்க முடியும். ஒரு பெட்டி வீணானால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். அப்பாவின் லென்ஸில் ஷட்டர் இல்லை, மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் கணக்கு. சாரல் காற்றில் அரை விநாடி, ஒரு விநாடி என்று நிற்கிற காரியமில்லை. கோபுரத்துக்கு வேண்டிய அளவு ஏற்றிப் பார்த்தால் மூலைகள் இருண்டன. மனசு கேட்கவில்லை என்றாலும், முக்கிய வேலைக்கு அது ஆகாது என்று எழுதி வைத்தேன்.

ஆனிக் காற்றில் ஒரு சோதனை

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, புதிதாகச் செய்து விற்கும் எடை குறைந்த மரக் கேமரா. லின்ஹாஃபின் விலையில் கால்வாசிகூட வராது. இன்னொன்று லின்ஹாஃப். பாலக்காட்டு நண்பர் ஒருவரிடமிருந்து மரக் கேமராவையும் 90 மி.மீ. லென்ஸையும் இரவல் வாங்கினேன். பெயர் வேண்டாம், நல்ல கேமராதான். கோயம்புத்தூர் ஸ்டூடியோக்களிலும் ரோட்டோரத்து அமைதியான வெளிச்சத்திலும் அது குறை வைக்காது.

ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு குணம் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று தென்காசி கோபுர வாசலில் ஆளைத் தள்ளும். நீட்டிய பெல்லோஸ் அந்தக் காற்றுக்குப் பாய்மரம். அதனால் வேண்டுமென்றே ஆனி மாதத்தைச் சோதனைக்குத் தேர்ந்தெடுத்தேன். காற்றில்லாத மாதத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் நிற்கும்.

பயிற்சிக்கு எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கினேன். மருந்துக் கடைக்காரர்கள் வாங்கும் இடத்திலேயே 8×10 அங்குலம் கிடைக்கிறது. சிவப்பு விளக்கின் கீழ் நான்காக வெட்டி, ஃபிலிம் தாளைத் தாங்கும் ஹோல்டரில் நுழைய ஓரத்தில் ஒரு நூல் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டு இருபது ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் நகம் பட்டால் கீறும். சிவப்பு நிறம் இதன் கண்ணுக்குத் தெரியாது, செங்கல் கறுத்துப்போகும். கை பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஐந்நூறு ரூபாயில் செய்யும் தவறுகளை ஐந்தாயிரத்தில் செய்யத் தேவையில்லை.

முதலில் எக்ஸ்ரே ஃபிலிமில் 12 தாள். லென்ஸின் துவாரம் எஃப் 22, நேரம் கால் விநாடி. 7 தாள் அசைந்திருந்தன. ஃபிலிம் மெதுவானது என்பதால் கேமராவைக் குறை சொல்ல முடியாது. ஆகவே இல்ஃபோர்டின் வேகமான எச்பி5 ஃபிலிமில் 8 தாள், பதினைந்தில் ஒரு விநாடி. அதிலும் 3 அசைந்தன. இன்னொரு விஷயத்தை எதிர்பார்க்கவே இல்லை: லென்ஸை 24 மி.மீ. ஏற்றி இறுக்கியபின், ஹோல்டரை நுழைக்கும் அதிர்வில் லென்ஸைத் தாங்கும் முன்சட்டம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. மங்கல் கண்ணாடியில் பார்த்தது ஒன்று, ஃபிலிமில் விழுந்தது ஒன்று.

திருவனந்தபுரத்தில் விளம்பரப் படம் எடுத்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் மாஸ்டர் டெக்னிகாவை நான்கு நாள் கொடுத்து உதவினார். எடை 2.6 கிலோ, மரக் கேமராவைப்போல இரண்டு மடங்கு. அதே லென்ஸ், அதே இடம், அதே வாரம், 8 தாள். அசைந்தது 1. திருகை இறுக்கினால் சட்டம் சட்டமாகவே நின்றது.

லின்ஹாஃப் என்றால் எந்த லின்ஹாஃப் என்பதும் இங்கேதான் தெளிவானது. பழைய டெக்னிகாக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் 90 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸ் போட்டால் அது உலோகக் கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும், மேலே ஏற்றினால் கூட்டின் விளிம்பு இடிக்கும். 1972இல் வந்த மாஸ்டர் டெக்னிகாவில் கூட்டின் மேல்பக்கம் ஒரு மடிப்பு வைத்தார்கள். அதைத் திறந்தால் லென்ஸ் ஏற வழி கிடைக்கும். என் 24 மில்லிமீட்டருக்கு அந்தச் சின்ன மடிப்புதான் பணம் கொடுக்கக் காரணம். செங்குத்தாக எடுக்கும்போது முன்னால் விரியும் அடிப்பலகை படத்தில் விழாமல் அதைக் கீழே இறக்கிவிட வேண்டும், அது பழகிவிட்டது.

செலவு

பாடி, கூரியர், சுங்கவரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 1,92,000. 90 மி.மீ. லென்ஸ் 52,000. 150 மி.மீ. லென்ஸ் 28,000. ஹோல்டர் பத்து, 24,000. டிரைபாட் தலை 17,000. மொத்தம் 3,13,000 ரூபாய். சீட்டுப் பணத்துக்கு மேல் போன 13,000ஐ ஆவணிக் கல்யாண அட்வான்ஸில் எடுத்தேன். கறுப்புத் துணியை மனைவியே தைத்துக் கொடுத்தாள், உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை. வெயிலில் தலை கொதிக்காது.

ஃபிலிம் செலவைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். எச்பி5 25 தாள் பெட்டி எனக்கு 7,000க்கு வந்தது, ஒரு தாள் 280. 36 இடம், இடத்துக்கு இரண்டு தாள் என்றால் மூன்று பெட்டி, 21,000. டெவலப் செய்யும் மருந்து 3,000. கேமரா செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாரம் பத்துத் தாள் எடுப்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும், அவர் ஃபிலிமிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் வந்த 90 மி.மீ. லென்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பார்த்ததும் நடுக் கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை. விற்றவர் போட்ட படங்களில் அது தெரியவே இல்லை. பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. அதன்பிறகு எந்த லென்ஸானாலும் டார்ச் அடித்து எடுத்த படம் இல்லாமல் பேச்சே கிடையாது. பெல்லோஸுக்கும் அதே வைத்தியம்: இருட்டறையில் உள்ளே விளக்கைப் போட்டு, மடிப்பு மூலைகளில் ஊசித் துளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பதினெட்டு மாதம் கழித்து

36 இடங்களில் 27 முடிந்தன. 68 தாள் எடுத்ததில் நல்லவை 46. கெட்ட 22இல் காற்றால் கெட்டது 8. ஒரே தாளில் இரண்டு முறை எடுத்தது 5. லென்ஸ் திறந்திருக்கும்போதே ஹோல்டரின் மூடியான டார்க் ஸ்லைடை உருவியது 4. ஹோல்டரில் வெளிச்சம் புகுந்தது 3. கழுவும்போது கீறியது 2. கை தவறுகள் எல்லாம் முதல் ஆறு மாதத்தோடு நின்றன. டார்க் ஸ்லைடின் கறுப்பு விளிம்பு வெளியே தெரிந்தால் எடுத்தாகிவிட்டது, வெள்ளை தெரிந்தால் இன்னும் இல்லை என்று அண்ணாச்சி தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்.

மருந்தின் சூட்டில்தான் அதிகம் திணறினோம். ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் எச்பி5க்கு 20 டிகிரியில் 13 நிமிடம். எங்கள் குழாய்த் தண்ணீர் கோடையில் 28க்குக் கீழே இறங்காது. அண்ணாச்சி பெரிய அண்டாவில் ஐஸ் போட்டு அதற்குள் தட்டுகளை இறக்கி வைத்தார். அப்பா காலத்திலும் அப்படித்தானாம்.

மண்டபத்துக்குள் எடுக்கும்போது இன்னொரு கணக்கு. லைட் மீட்டர் 20 விநாடி என்று காட்டினால் ஃபிலிமுக்கு அது போதாது. இல்ஃபோர்ட் எச்பி5க்குக் கொடுத்திருக்கும் 1.31 அடுக்கெண்ணைப் போட்டால், அதாவது 20ஐ 1.31 அடுக்குக்கு உயர்த்தினால், 50 விநாடி வருகிறது. இதை மறந்தால் தாளில் வெறும் நிழல்தான்.

பாலத்தில்தான் இந்தக் கேமரா வாங்கியது சரி என்று முழுமனதாக நம்பினேன். கொல்லம் ரோட்டோரத்தில் அப்பா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பாலம் பக்கத்துக் கண்ணிலிருந்து தூரத்துக் கண் வரை சாய்வாக ஓடுகிறது. எல்லாம் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப் 45 வரை மூட வேண்டும், ஷட்டர் மெதுவாகும், காற்று கெடுக்கும். லென்ஸைப் பக்கவாட்டில் சில டிகிரி திருப்பினால், லென்ஸின் தளமும் ஃபிலிமின் தளமும் பாலத்தின் முகமும் ஒரே கோட்டில் சந்திக்கும். எஃப் 16லேயே கருங்கல் இணைப்புகள் கடைசிக் கண் வரை தெரிந்தன. இந்த விதியை விளக்கி ஆஸ்திரிய ராணுவ கேப்டன் தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் காப்புரிமை வாங்கியது 1904இல். மலை தாண்டி இந்த ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1904. மீட்டர் கேஜ் 2010இல் நின்று, அகலப் பாதையாகி 2018இல் திறந்தது. அப்பாவின் படத்தில் கரி எஞ்சின் இருக்கும் அதே கண்ணுக்கு மேல் என் படத்தில் கொல்லம் வண்டி நிற்கிறது.

வாங்கியதில் எங்கே தப்புக் கணக்குப் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். 150 மி.மீ. லென்ஸ் இதுவரை நான்கே இடத்துக்குப் பயன்பட்டது. அப்பாவின் நெகட்டிவ்களை முதலிலேயே அளந்திருந்தால் 210 மி.மீ. லென்ஸ்தான் வேண்டும் என்று தெரிந்திருக்கும். இப்போது 150ஐ விற்று அதை வாங்கப் பார்க்கிறேன். ஹோல்டர் பத்து தேவையே இல்லை, ஒரு நாளில் ஆறு தாளுக்கு மேல் எடுத்ததில்லை. ஐந்து போதும்.

மீதி 9 இடங்களில் ஏழு கேரளப் பக்கம், ஆரியங்காவுக்கும் புனலூருக்கும் நடுவில். அங்கே மழை விட ஐப்பசி தாண்ட வேண்டும். மற்ற இரண்டும் கிழக்கு வெயில் விழும் மார்கழி காலைக்காகக் காத்திருக்கின்றன. கோபுரத்தின் நெகட்டிவிலிருந்து அண்ணாச்சி முதல் பிரிண்டைப் போட்டு முடித்தார். அப்பாவின் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அது ஸ்டூடியோ முன்னறையில் மாட்டியிருக்கிறது. இரண்டிலும் இடது ஓரத்துக் கல்தூண் ஒரே இடத்தில் சுவரை மறைக்கிறது.